யானைக்கு எத்தனை மில்லிமீட்டர்?

எம்.ஜி.ஆரா சிவாஜியா, இளையராஜாவா ரஹ்மானா என்று நாலு பேர் ஆரம்பித்தால் டீ ஆறிப்போன பிறகும் பேச்சு முடியாது. பெரிய மிருகங்களை வேட்டையாடுகிற கூட்டத்துக்கும் இப்படி ஒரு தீராத சண்டை உண்டு. பெரிய குண்டா, சின்ன குண்டா? அதாவது யானை, காட்டெருமை, சிங்கம், மூஸ் எனப்படும் ராட்சத மான் மாதிரியான உருப்படிகளைச் சுட எந்தக் காலிபர் ரைபிள் சரி? நூறு வருடங்களுக்கு மேல் ஆகியும் தீர்ப்பு வரவில்லை. புத்தகம் புத்தகமாக எழுதித் தள்ளியிருக்கிறார்கள்.

இந்தியாவில் 1972-ல் வந்த வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்படி இன்று பொழுதுபோக்குக்காகக் காட்டு விலங்கைச் சுடுவது என்ற பேச்சே கிடையாது. அப்புறம் இந்தக் கேள்வி எதற்கு என்று தோன்றலாம். வேட்டை சரியா தப்பா என்பது தனிக் கட்டுரை. ஆனால் நமீபியா, தென்னாப்பிரிக்கா, ஜிம்பாப்வே, நார்வே, கனடா, அமெரிக்கா என்று பல நாடுகளில் அது இன்றும் சட்டப்படி நடக்கிறது. நடக்கிற வரைக்கும் தப்பான தோட்டாவின் விலையை யார் கொடுக்கிறார்கள் என்ற கேள்வியும் கூடவே இருக்கிறது. துப்பாக்கி வாங்கியவர் மட்டும் கொடுப்பதில்லை என்பது தான் விஷயமே.

காலிபர் என்றால் என்ன?

துப்பாக்கிக் குழலின் உள்விட்டம், அவ்வளவு தான். பிரிட்டிஷ்காரர்களும் அமெரிக்கர்களும் அதை அங்குலத்தில் சொல்வார்கள், ஐரோப்பாவில் மில்லிமீட்டரில். .375 என்றால் சுமார் 9.5 மி.மீ. .600 என்றால் 15 மி.மீ.க்கும் மேல், கிட்டத்தட்ட கட்டைவிரல் தடிமன். ஆனால் பெயரை அப்படியே நம்பினால் ஏமாற வேண்டியது தான். .275 ரிக்பி என்பது ஜெர்மானிய 7x57 மவுசர் தோட்டாவுக்கு லண்டன் ரிக்பி கம்பெனி வைத்த பெயர். அதன் குண்டின் நிஜ விட்டம் .284 அங்குலம். .470 நைட்ரோ எக்ஸ்பிரஸ்ஸின் குண்டு .475 அங்குலம். பெயர் என்பது பாதி அளவு, பாதி வியாபாரம்.

இன்னொன்றும் உண்டு. ஒரே காலிபரில் நீளமான கனத்த குண்டும் வரும், குட்டையான லேசான குண்டும் வரும். வேகமும் மாறும். ஆகவே காலிபர் எண்ணை மட்டும் சொல்லி "இது யானைக்குப் போதும், இது போதாது" என்பது, ஒரு கம்பெனியின் விற்பனைத் தொகையை மட்டும் பார்த்து லாபம் எவ்வளவு என்று சொல்வதைப் போன்றது.

பெல் போட்ட கணக்கு

சின்ன குண்டு கட்சியின் தலைவர் என்றால் அது வால்டர் பெல். 1880-ல் பிறந்த ஸ்காட்லாந்துக்காரர். இன்றைய உகாண்டாவின் வடகிழக்கில் இருக்கும் கரமோஜா பகுதியில் தந்தத்துக்காகச் சுற்றியதால் 'கரமோஜோ பெல்' என்றே பெயர் நின்றுவிட்டது. வாழ்நாளில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட யானைகளைக் கொன்றவர். அதில் பெரும்பகுதி .275 ரிக்பியால். இன்றைக்கு ஒரு அமெரிக்கர் மான் வேட்டைக்கு எடுத்துப் போகிற சமாச்சாரம் அது!

அந்த எண்ணிக்கையில் பெருமைப்பட எதுவும் இல்லை. தந்த வியாபாரம் ஆப்பிரிக்க யானைகளை என்ன பாடு படுத்தியது என்பது தெரிந்த கதை. ஆனால் அவ்வளவு சிறிய குண்டு எப்படி வேலை செய்தது என்பதைப் பார்த்தாக வேண்டும்.

யானையின் மூளை சுமார் ஐந்து கிலோ. உடம்பின் அளவுக்கு அது ஒன்றுமே இல்லை. அதைச் சுற்றி இருக்கும் மண்டை ஓடு பார்வைக்குப் பாறை மாதிரி இருந்தாலும் உள்ளே தேன்கூடு போலக் காற்றறைகள் நிறைந்தது. பெல் யானை மண்டையை ரம்பத்தால் அறுத்து, எந்தக் கோணத்தில் நின்றால் மூளை எங்கே இருக்கும் என்று படித்தார். பிறகு அந்த இடத்துக்குக் குண்டு போனால் போதும் என்று முடிவு கட்டினார்.

இங்கே ஒரு சின்னக் கணக்கு. .275-ன் பழைய கனமான குண்டு சுமார் 11 கிராம், விநாடிக்கு 700 மீட்டர் வேகம். .600 நைட்ரோ எக்ஸ்பிரஸ்ஸின் குண்டு 58 கிராம், விநாடிக்கு 590 மீட்டரை ஒட்டிய வேகம். ஆற்றலைக் கணக்கிட்டால் முன்னது 2,700 ஜூல் சொச்சம், பின்னது 10,000 ஜூல். ஏறக்குறைய நாலு மடங்கு. இதைப் பார்த்தால் பெல் தற்கொலைக்குக் கிளம்பியவர் மாதிரி தெரியும். ஆனால் குண்டின் எடையை அதன் குறுக்குப் பரப்பால் வகுத்துப் பார்த்தால் காட்சி மாறுகிறது. .275-க்கு ஒரு சதுர சென்டிமீட்டருக்கு சுமார் 27 கிராம். .375-க்கும் அதே 27. .600-க்கு 30. அதாவது ஒரு இடத்தைத் துளைத்துக்கொண்டு போக ஒவ்வொரு சதுர சென்டிமீட்டருக்குப் பின்னாலும் இருக்கும் பலம் ஏறக்குறைய சமம். ஊசியும் உலக்கையும் ஒரே ஆழத்துக்குப் போகின்றன. துளையின் அகலம் தான் வேறு.

அதனால் தான் நெளியாத, முழு உலோகக் கவசம் போட்ட, நீளமான குண்டு பெல்லுக்குப் போதுமானதாக இருந்தது. போக வேண்டிய இடத்துக்குப் போய்ச் சேர்ந்தது.

எதிர்க்கட்சி சொல்வதும் பொய் இல்லை

சரி, அப்படியானால் எல்லோரும் .275 வாங்கிக்கொள்ளலாமா? கூடாது. பெல்லை உதாரணம் காட்டுகிறவர்கள் வசதியாக மறந்துவிடும் விஷயங்கள் இரண்டு உண்டு. ஒன்று, அவர் சுட்டது பெரும்பாலும் திறந்த வெளியில், துப்பாக்கிச் சத்தத்துக்கு அதிகம் பழகாத யானைகளை, கோணம் சரியாக அமையும் வரை காத்திருந்து. இரண்டு, அவர் பெல். வருடம் முழுக்க அதுவே தொழிலாக இருந்தவரையும் விடுமுறைக்குப் பத்து நாள் வருகிறவரையும் ஒரே தராசில் வைக்க முடியாது.

அடர்ந்த புதருக்குள் பதினைந்து அடி தூரத்தில் காயம்பட்ட காட்டெருமை ஒன்று தலையைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தால், மண்டை ஓட்டுப் படத்தை நினைவுபடுத்திப் பார்க்க நேரம் இருக்காது. மூளையைக் குண்டு ஒரு கை அகலத்துக்குத் தவறவிட்டாலும் பெரிய காலிபராக இருந்தால் மிருகம் ஒரு கணமாவது நிலைகுலையும். சின்ன குண்டு துளைத்துக்கொண்டு போய்விடும், மிருகம் வந்துகொண்டே இருக்கும்.

ஜான் டெய்லர் என்ற ஆப்பிரிக்க வேட்டைக்காரர் 1948-ல் வெளிவந்த தன் புத்தகத்தில் இதற்கு ஒரு சூத்திரமே போட்டார். குண்டின் எடை, வேகம், விட்டம் மூன்றையும் பெருக்கி வரும் எண்ணை வைத்து, அந்தக் குண்டு ஒரு யானையை எவ்வளவு தூரம் நிலைகுலைய வைக்கும் என்று ஒப்பிடுவது. அந்தக் கணக்கில் .600-க்கு 150-ஐத் தாண்டுகிறது, .470-க்கு 70 சொச்சம், .375-க்கு 40, பெல்லின் .275-க்கு வெறும் 16. சூத்திரம் அறிவியல் இல்லை, அனுபவத்தை எண்ணாக்கும் முயற்சி. இத்தனைக்கும் அதே டெய்லர் 40 மார்க் வாங்கிய .375 மேக்னத்தைத் தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடினார் என்பது கவனிக்க வேண்டிய விஷயம்.

உண்மையில் இரண்டு கட்சியும் ஒரே கேள்விக்குப் பதில் சொல்லவில்லை. நின்றுகொண்டிருக்கும் மிருகத்தைக் கொல்ல என்ன தேவை என்பது ஒரு கேள்வி. ஓடி வரும் மிருகத்தை நிறுத்த என்ன தேவை என்பது வேறு கேள்வி. முதலாவதற்கு ஆழமும் இடமும் போதும். இரண்டாவதற்கு அகலமும் கனமும் வேண்டும். இன்றும் ஆப்பிரிக்காவில் பணம் கட்டி வருகிறவர் .375 வைத்திருப்பதும், கூடவே நடக்கும் தொழில்முறை வேட்டைக்காரர் .416, .458, .470, .500 என்று ஏதாவது ஒன்றைத் தோளில் சுமப்பதும் இதனால் தான். வேலை வேறு, கருவி வேறு.

மிருகத்துக்கு மிருகமும் மாறும். அமெரிக்க முன்னாள் ஜனாதிபதி தியோடர் ரூஸ்வெல்ட் 1909-ல் ஆப்பிரிக்கா போனபோது கூட எடுத்துப்போன துப்பாக்கிகளில் .405 வின்செஸ்டர் ஒன்று. சிங்கத்துக்கு அதைத் தான் கொண்டாடினார். சேலம், தர்மபுரிக் காடுகளை எழுத்தில் நமக்குக் காட்டிய பெங்களூர்க்காரர் கென்னத் ஆண்டர்சன் புலி, சிறுத்தைகளுக்குப் பின்னால் போனதும் இதே .405-உடன் தான். அந்தக் குண்டு அகலம், ஆனால் குட்டை. மேலே போட்ட அதே வகுத்தலில் 23 கிராம் கூட வராது. மெல்லிய தோல் கொண்ட பூனை வகைகளுக்கு அது அருமை. அதையே யானையின் மண்டைக்கு நேரே நீட்டினால் கதை வேறு.

சட்டமும் சந்தையும் பெற்ற பிள்ளைகள்

இத்தனை காலிபர்கள் ஏன் இருக்கின்றன? காட்டில் தேவைப்பட்டதாலா? எல்லாம் அப்படி வந்தவை இல்லை. 1907-ல் பிரிட்டிஷ் அரசு இந்தியாவிலும் சூடானிலும் .450 காலிபருக்குத் தடை போட்டது. கலகக்காரர்கள் கையில் இருந்த பழைய மார்ட்டினி-ஹென்றி ராணுவத் துப்பாக்கிகளுக்கு அந்தச் சரக்கு பயன்பட்டுவிடும் என்ற பயம். அதுவரை .450 தான் இந்தியச் சந்தையின் அரசன். லண்டன் துப்பாக்கிக் கம்பெனிகள் சும்மா இருக்குமா? .465, .470, .475 என்று தடைக்குப் பக்கத்திலேயே வரிசையாக இறக்கின. அந்த .470 தான் இன்று 'ஆப்பிரிக்காவின் பாரம்பரியக் காலிபர்' என்று கொண்டாடப்படுகிறது. யானையின் தோலைப் பார்த்து வந்த எண் அல்ல அது. அரசாணையைப் பார்த்து வந்த எண்.

இந்தியாவிலேயே இதற்கு இன்னொரு உதாரணம் உண்டு. ராணுவத்தின் .303 பொதுமக்களுக்குக் கூடாது என்றானதால், அதே லீ-என்ஃபீல்டு அமைப்பில் .315 என்று ஒரு காலிபர் அரசுத் தொழிற்சாலைகளில் தயாராகி, லைசென்ஸ் வைத்திருப்பவர்கள் கைக்கு வந்தது.

சந்தை செய்த தவறும் ஒன்று இருக்கிறது. விலை உயர்ந்த பிரிட்டிஷ் இரட்டைக்குழல் துப்பாக்கிகளுக்கு மாற்றாக 1956-ல் வின்செஸ்டர் .458 மேக்னத்தைக் கொண்டுவந்தது. சாதாரண நீள ரைபிளிலேயே பெரிய குண்டு, கட்டுப்படியாகும் விலை. கேட்கவே இனிப்பாக இருந்தது. ஆனால் அந்தக் குட்டைத் தோட்டாவுக்குள் மருந்தை நெருக்கி அடைக்க வேண்டியிருந்தது. நாள்பட அது கட்டி தட்டிப்போய்ச் சில தோட்டாக்கள் சொன்ன வேகத்தைத் தரவில்லை. பெட்டியில் அச்சிட்ட எண் ஒன்று, காட்டெருமை வாங்கிய அடி வேறு. ஜாக் லாட் என்ற அமெரிக்கர் மொசாம்பிக்கில் காட்டெருமையிடம் மாட்டி நன்றாக அடி வாங்கினார். பிற்பாடு நீளமான .458 லாட் என்ற தோட்டாவை அவர் உருவாக்கியதற்கு அந்த அனுபவம் தான் விதை. 

காலிபர் சரியாக இருந்தும் குண்டு கைவிட்ட கதையும் இருக்கிறது. 1946-ல் ஜான் நோஸ்லர் என்ற அமெரிக்கர் கனடாவில் ஒரு மூஸைச் சுட்டார். கையில் இருந்தது .300 மேக்னம், தாராளமான ரைபிள். ஆனால் வேகமாகப் போன குண்டுகள் தோள்பட்டையில் பட்டதும் சிதறின, உள்ளே போகவில்லை. நோஸ்லர் அடுத்து பெரிய காலிபர் வாங்கவில்லை. முன்பாதி விரிந்து பின்பாதி கெட்டியாக நிற்கும்படி நடுவில் தடுப்பு வைத்த குண்டு ஒன்றைச் செய்தார். 1948-ல் அவர் பெயரிலேயே கம்பெனி வந்தது. விற்பனைக்காரர் முதலில் சொல்ல வேண்டிய பாடம் இது. ஆனால் குண்டை மாற்றிக்கொள்ளச் சொன்னால் ஒரு பெட்டி தான் விற்கும், காலிபரை மாற்றச் சொன்னால் ஒரு துப்பாக்கியே விற்குமே!

தோளுக்குத் தெரிந்த உண்மை

துப்பாக்கி உதைக்கும். .275-ஐ விட .375 ஏறக்குறைய மூன்று மடங்கு உதைக்கும். அதற்கு மேலே போகப் போக தோள்பட்டை கன்றிப்போகும். இது வீரம் சம்பந்தப்பட்ட விஷயம் இல்லை. உடம்பு தானாகச் செய்கிற வேலை. இரண்டு முறை பலமாக உதை வாங்கிய தோள், மூன்றாவது முறை விசை அழுந்தும் முன்பே பின்வாங்கும். கண் மூடும். குழல் அரை அங்குலம் விலகும். அங்கே அரை அங்குலம் விலகினால் நூறு மீட்டர் தூரத்தில் நுரையீரலுக்குப் போக வேண்டிய குண்டு குடலுக்குப் போகும்.

பெரிய காலிபரின் தோட்டா விலையும் அதிகம். ஒவ்வொரு வெடிக்கும் பர்ஸும் தோளும் சேர்ந்து வலிக்கும். ஆகவே பயிற்சி குறையும். பயிற்சி எங்கே அதிகம் தேவையோ அங்கே தான் அது குறைவாக நடக்கிறது. 'பெரிய துப்பாக்கி இருக்கிறது, கொஞ்சம் இடம் தவறினாலும் பரவாயில்லை' என்ற நினைப்பு மிச்ச வேலையை முடித்துவிடும். வண்டிக்கு இன்ஷூரன்ஸ் இருக்கிறது என்று கண்ணை மூடிக்கொண்டு ஓட்டுகிற கதை தான். ஸ்வீடனிலும் நார்வேயிலும் பல தலைமுறைகளாக மூஸைச் சுட்டு வந்திருப்பது 6.5x55 என்ற அடக்கமான தோட்டா. நானூறு கிலோவுக்கும் மேல் வளரக்கூடிய மிருகத்துக்கு 6.5 மில்லிமீட்டர். உதை குறைவு, பயிற்சி அதிகம், குண்டு நீளம். விஷயம் அவ்வளவு தான்.

பில் யாருக்குப் போகிறது?

வணிகவியல் வகுப்பில் 'புறவிளைவு' என்று ஒரு பாடம் வரும். சாயப்பட்டறை லாபத்தை முதலாளி எடுத்துக்கொள்வார், கழிவு நீர் ஆற்றங்கரையில் இருப்பவனுக்கு. நொய்யல் கரையில் இருப்பவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. தவறிப்போன குண்டும் அதே ரகம் தான்.

ஆப்பிரிக்காவில் பொதுவான நடைமுறை ஒன்று உண்டு. மிருகத்தின் மேல் ரத்தம் வந்துவிட்டால், அது கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் வேட்டைக்காரர் முழுக் கட்டணம் கட்ட வேண்டும். நல்ல விதி. ஆனால் கட்டணம் கட்டியதோடு அவர் விமானம் ஏறிவிடுவார். காயம்பட்ட காட்டெருமையைத் தேடிப் புதருக்குள் போவது தடம் பார்க்கிற உள்ளூர் ஆள். அது கிடைக்காவிட்டால் மறுநாள் அந்தப் பக்கம் விறகுக்கோ தண்ணீருக்கோ போகிறவர்களுக்கு யாரும் எச்சரிக்கைச் சீட்டு அனுப்பப் போவதில்லை.

இது கற்பனைப் பயம் இல்லை. ஜிம் கார்பெட் 1907-ல் குமாவுன் மலையில் சுட்டுக் கொன்ற சம்பாவத் பெண்புலி, நேபாளத்திலும் குமாவுனிலுமாக 436 பேரைக் கொன்றதாக அவரே எழுதியிருக்கிறார். செத்துக் கிடந்த புலியின் வாயைப் பார்த்தபோது வலது பக்கம் மேலேயும் கீழேயும் கோரைப் பற்கள் உடைந்திருந்தன. பழைய துப்பாக்கிக் காயம். அதனால் இயல்பான இரையைப் பிடிக்க முடியாமல் அது மனிதர்களிடம் வந்தது என்பது கார்பெட்டின் முடிவு. எல்லா ஆட்கொல்லிக்கும் இது தான் காரணம் என்று அவர் சொல்லவில்லை. முள்ளம்பன்றி முள், முதுமை என்று மற்றவையும் உண்டு. ஆனால் சம்பாவத்தில் நடந்தது இது தான். யாரோ ஒருவர், எப்போதோ, எந்தக் காலிபராலோ சுட்டு, புலி ஓடிவிட்டது என்று வீட்டுக்குப் போயிருப்பார். அந்த ஒரு வெடிக்கான பில் 436 வீடுகளுக்குப் போனது.

அந்தப் புலியைக் கொன்ற கதையிலேயும் நம் சண்டைக்கு ஒரு பதில் இருக்கிறது. அன்று கார்பெட் கையில் இருந்தது .500 காலிபர் ரைபிள், ஆனால் தோட்டா மூன்றே மூன்று. மூன்றும் தீர்ந்த பிறகு தாசில்தாரின் பழைய துப்பாக்கியை வாங்கி ஓடிப்போய்க் கடைசி வெடியைச் சுட வேண்டியிருந்தது. இதற்காக ஐக்கிய மாகாணத்தின் லெப்டினன்ட் கவர்னர் ஜான் ஹெவெட் அவருக்குப் பரிசாகக் கொடுத்த ரைபிள் என்ன தெரியுமா? .275 ரிக்பி. .500-ல் பாதியைச் சற்றே தாண்டிய அளவு. பின்னாளில் பல ஆட்கொல்லிகளைத் தேடிப் போனபோது கார்பெட் அதைத் தூக்கிக்கொண்டு தான் போனார்.

மில்லிமீட்டரை அளக்கும் சட்டம், மனிதனையும் அளக்கட்டும்

ஆப்பிரிக்க நாடுகள் பலவற்றில் ஆபத்தான மிருகங்களுக்குக் குறைந்தபட்சக் காலிபர் சட்டமாகவே இருக்கிறது. பல இடங்களில் .375, ஜிம்பாப்வேயில் 9.2 மி.மீ. இதில் தப்பு எதுவும் இல்லை. பெல்லாகத் தன்னை நினைத்துக்கொள்ளும் ஆயிரம் பேரைத் தடுக்க ஒரு தரைமட்டம் தேவை. ஆனால் பொதுவாகச் சட்டம் அங்கேயே நின்றுவிடுகிறது. .458-ஐக் கண்ணை மூடிக்கொண்டு சுடுகிறவர் உள்ளே போகலாம். குழலின் விட்டத்தைத் தான் அளக்கிறார்கள், அதைப் பிடித்திருக்கும் கையை அளப்பதில்லை.

நார்வே வேறு வழியில் போகிறது. அங்கே மூஸ், செம்மான் போன்ற பெரிய மிருகங்களை வேட்டையாட ஒவ்வொரு வருடமும் சுடும் தேர்வு பாஸாக வேண்டும். முதலில் முப்பது வெடி பயிற்சி. பிறகு நூறு மீட்டர் தூரத்தில் முப்பது சென்டிமீட்டர் வட்டத்துக்குள் ஐந்து வெடி. ஐந்தும் உள்ளே விழ வேண்டும். தேர்வு கஷ்டமானது இல்லை. ஆனால் தன் துப்பாக்கியைப் பார்த்துப் பயப்படுகிறவர் யார் என்பதை அது காட்டிவிடும். தேர்வால் அங்கே வேட்டை நின்றுவிடவும் இல்லை. வருடா வருடம் ஆயிரக்கணக்கில் மூஸ் சுடப்படுகிறது.

ஆபத்தான மிருகங்களுக்கு அனுமதி தரும் ஒவ்வொரு நாடும் இந்த இரண்டையும் சேர்த்துக் கேட்க வேண்டும். குறைந்தபட்சக் காலிபரும் வேண்டும், அதே துப்பாக்கியால், அதே தோட்டாவால் பாஸான தேர்வும் வேண்டும். 'இவ்வளவு கெடுபிடி பண்ணினால் டாலரோடு வருகிறவர் பக்கத்து நாட்டுக்குப் போய்விடுவார்' என்று ஒரு வாதம் வரும். அதில் பாதி உண்மை. ஆனால் முகாமில் முதல் நாள் துப்பாக்கி நேராகச் சுடுகிறதா என்று ஒரு அட்டையில் சுட்டுப் பார்ப்பது இப்போதே வழக்கத்தில் இருக்கிறது. அந்த அட்டைக்கு ஒரு பாஸ் மார்க் வைப்பதால் யாரும் குடிமுழுகிப் போக மாட்டார்கள். பல்லாயிரம் டாலர் செலவழித்து வருகிறவர், கூடுதலாக ஐந்து தோட்டா செலவழிக்க மாட்டேன் என்றால் அவர் வராமல் இருப்பதே அந்த நாட்டுக்கு லாபம்.

ஆக, எந்தக் காலிபர்? மான் வகைகளுக்கும் மூஸுக்கும் 6.5x55, 7x57, .308, .30-06 போன்றவை நல்ல குண்டோடு தாராளம். யானை, காட்டெருமை என்று போனால் 1912-ல் வந்த .375 ஹாலண்ட் அண்ட் ஹாலண்ட் தான் நியாயமான ஆரம்பம். ஆப்பிரிக்காவில் ஊர் பேர் தெரியாத இடத்திலும் தோட்டா கிடைக்க வாய்ப்பு அதிகம், பெரும்பாலானோர் பழகிக்கொள்ளக்கூடிய உதை, யானைக்கும் எட்டும் ஆழம். விமானத்தில் ஒரு ஆளுக்கு ஐந்து கிலோ தோட்டா தான் எடுத்துப் போக முடியும், பெட்டி வழியில் தொலைந்தால் இருப்பதை வைத்துத் தான் சமாளிக்க வேண்டும் என்பதையும் யோசித்தால் புதுப்புதுக் காலிபர்களின் கவர்ச்சி பாதியாகக் குறைந்துவிடும். .375-ஐ நிதானமாகச் சுட முடிகிறவர் மட்டும் .416-க்குப் போகலாம். அதற்கு மேலே இருப்பவை, ஓடி வருவதை நிறுத்துவதே தொழிலாகக் கொண்டவர்களுக்கு.

.375-ஐயே ஒழுங்காகச் சுட வராதவருக்கு எந்தக் காலிபர் என்று கேட்டால், அவருக்கு யானை வேட்டையே இல்லை என்பது தான் பதில். கையில் கேமராவோடு போகலாம். அது உதைக்காது, இடம் தவறினால் யார் வீட்டுக்கும் பில்லும் போகாது.